டிம்ப்னாவின் மோதிரம் சொன்ன பொய்

அயர்லாந்தில், எங்கள் கால்வேயில் ஒருவரைப் பார்த்தால் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, கையை. வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன. விரலில் கிளாடா மோதிரம் இருந்தால் அந்த ஆளின் நிலைமை என்ன, பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுக்கலாமா கூடாதா என்பதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் தெரிந்துவிடும். இரண்டு கைகள் ஓர் இதயத்தைத் தாங்கியிருக்கும், இதயத்தின் தலையில் ஒரு கிரீடம். கைகள் நட்புக்கு, இதயம் அன்புக்கு, கிரீடம் விசுவாசத்துக்கு. இது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். எந்தக் கையில், எந்தப் பக்கம் பார்த்து என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வலது கையில் இதயத்தின் முனை விரல் நுனியைப் பார்த்திருந்தால் மனசு காலியாக இருக்கிறது. மணிக்கட்டைப் பார்த்திருந்தால் ஆள் வந்தாயிற்று. இடது கையில் முனை மணிக்கட்டைப் பார்த்திருந்தால் கல்யாணம் ஆயிற்று, நடையைக் கட்டு என்று அர்த்தம்.

என் அண்ணி டிம்ப்னா ஃபோலனின் மோதிரம் இடது கையில், முனை மணிக்கட்டைப் பார்த்தபடிதான் இருந்தது. என் அண்ணன் ஃபெஸ்டி செத்துப் பல வருடம் ஆன பிறகும் அப்படியேதான் இருந்தது. ஊரே அவளை மெச்சியது. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, "அந்த டிம்ப்னாவைப் பாருங்க, இன்னும் மோதிரத்தைத் திருப்பல" என்று யாராவது சொல்வார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். என் அண்ணன் மோதிரமாயிற்றே.

இந்தக் கதை அந்த மோதிரத்தைப் பற்றியது. அதைவிட, அதைப் போட்டிருந்த மண்டுவைப் பற்றியது. அவளை மண்டு என்று சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை. வேறு யாராவது சொல்லிப் பார்க்கட்டும், தெரியும் சேதி.

அண்ணி என்று பேர்தான். பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. அவளுக்குப் பதினாறு வயது முடிந்த அன்று அவளுடைய ஞானத்தாய் அந்த மோதிரத்தைக் கொடுத்தாள். தனக்குத்தானே வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது, யாராவது கொடுக்க வேண்டும், அதுதான் முறை. வலது கையில் முனையை வெளியே பார்த்துப் போட்டுக்கொண்டு, ஒரு மாதம் முழுக்கக் கையை நீட்டி நீட்டித்தான் பேசினாள். உப்பைக் கேட்டால்கூட ராணி மாதிரி கையை நீட்டுவாள். எனக்கு அப்போது மோதிரம் இல்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

அப்புறம் சால்ட்ஹில் நடன மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை என் அண்ணன் ஃபெஸ்டி அவள் முன்னால் போய் நின்றான். சுவருக்குப் பூச்சுப் பூசுகிற வேலை அவனுக்கு. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் புருவத்தில் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும். "திருப்பிடட்டுமா?" என்று மோதிரத்தைக் காட்டிக் கேட்டான். அவள் கையை நீட்டினாள். அந்தத் தடியன் அவசரத்தில் மோதிரத்தைக் கீழே போட்டுவிட்டான். வாத்தியம் முழங்கிக்கொண்டிருக்கிறது, ஊரே ஆடிக்கொண்டிருக்கிறது, இவன் அத்தனை கால்களுக்கும் நடுவில் தவழ்ந்து தேடுகிறான். இரண்டு பேர் அவன் விரலை மிதித்துவிட்டார்கள். கடைசியில் நாற்காலிக்கு அடியிலிருந்து மோதிரத்தை எடுத்துக்கொண்டு, முட்டி போட்டபடியே அவள் விரலில் திருப்பிப் போட்டான். அந்தச் சனிக்கிழமையை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

கல்யாணத்தன்று மோதிரம் வலது கையிலிருந்து இடது கைக்குப் போனது. ஒரே மகன், ரூரி, இப்போது பாஸ்டனில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். டிம்ப்னா வருடக்கணக்காகத் துறைமுகத்தில் சிப்பி கழுவும் கொட்டகையில் வேலை பார்த்தாள். பனிக்காலத்திலும் பச்சைத் தண்ணீரில் கை. அங்கேதான் அவள் மூட்டுகள் கெட்டுப்போயின. ஃபெஸ்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிவியில் ஹர்லிங் மட்டைப்பந்து ஆட்டத்தில் கால்வே தோற்றுக்கொண்டிருந்தபோது, சோபாவில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். எழுந்து நின்று நடுவரைத் திட்டப்போனவன் அப்படியே உட்கார்ந்தான், அவ்வளவுதான். அவன் போன பிறகு சிப்பிக் கொட்டகையை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கிற வேலைக்கு வந்தாள். மஞ்சள் கோட்டு, கையில் ஒரு நீளக் கம்பு, கம்பின் நுனியில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை. என் தேநீர்க் கடைக்கு நேர் எதிரில்தான் அவள் நிற்கிற இடம். கடை ஜன்னலில் நின்றால் எனக்கு எல்லாம் தெரியும். தெரியாதது என் காதுக்கு வந்துவிடும்.

அப்படித் தெரிந்ததுதான் பஸ் ஓட்டுநர் கோல்மன் கீன் விவகாரம்.

தினமும் காலையில் அவருடைய பஸ் வரும், டிம்ப்னா பலகையை நீட்டுவாள், பஸ் நிற்கும், பிள்ளைகள் கடப்பார்கள். அந்த நேரத்துக்குள் அவர் பக்கத்து ஜன்னலைத் திறந்து ஏதாவது சொல்வார்.

"இன்னைக்கு மழை வராதுன்னு ரேடியோல சொன்னான், டிம்ப்னா."

"ரேடியோக்காரன் டப்ளின்ல உக்காந்திருக்கான். அவனுக்கு நம்ம மழையைப் பத்தி என்ன தெரியும்?"

"அப்ப வருமா?"

"உங்க தலைக்கு மேலயே நிக்குது, பாருங்க."

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் கடைசிப் பிள்ளை நடைபாதையில் ஏறிய பிறகும் பலகை கீழே இறங்காது. பின்னால் கார்க்காரன் ஹாரன் அடித்தால் டிம்ப்னா அவனை ஒரு பார்வை பார்ப்பாள், அவன் ஹாரனை விட்டுக் கையை எடுத்துவிடுவான். கோடையில் ஜன்னல் வழியாகத் தன் தோட்டத்து உருளைக்கிழங்கு ஒரு பை கொடுப்பார் கோல்மன். அடுத்த நாள் இவள் ஒரு சோடா ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுப்பாள். வருடங்கள் இப்படியே ஓடின. அவர் மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. அவருடைய மோதிரம் வலது கையில், முனை வெளியே பார்த்தபடி இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் அது தெரியும். அவர் பக்கம் கதவு திறந்துதான் கிடந்தது. நான் என்ன நினைத்தேன் என்றால், பாவம் மனுஷன், இவள் என் அண்ணனை நினைத்துக்கொண்டிருக்கிறாள், இதெல்லாம் வெறும் உருளைக்கிழங்குச் சிநேகிதம் என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை கோல்மன் கடைக்கு வந்து தேநீர் கேட்டார். முகம் சரியில்லை.

"வெள்ளிக்கிழமையோட வேலை முடிஞ்சுது, பெர்னி. வண்டியை ஒப்படைச்சிடறேன்."

"அப்புறம் என்ன பண்ணுவீங்க? வீட்ல உக்காந்து சுவத்தோட பேசப் போறீங்களா?"

"பெர்த்துக்குப் போறேன். ஆஸ்திரேலியாவுக்கு. பொண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. எனக்குன்னு தோட்டத்துக்குப் பின்னால தனியா ஒரு ரூம் கட்டி வச்சிருக்கா."

"திரும்பி எப்ப வருவீங்க?"

"திரும்பி வந்து என்ன பண்ண? இங்க எனக்கு யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கம் பார்த்தார். டிம்ப்னா ஒரு வாண்டின் காலணிக் கயிற்றைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஃபெஸ்டி கொடுத்து வச்சவன்," என்றார். "செத்தப்புறமும் ஒருத்தி மோதிரத்தைத் திருப்பாம வச்சிருக்கா. அந்த மாதிரி விசுவாசத்துக்கு முன்னால நாமெல்லாம் தள்ளித்தான் நிக்கணும், பெர்னி. அதுதான் மரியாதை."

அவர் குரல் எனக்கு எப்படியோ இருந்தது. தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் வாசலுக்குப் போய்க் கையைக் காட்டி டிம்ப்னாவைக் கூப்பிட்டேன். வந்தாள், கோட்டைக் கழற்றினாள், உட்கார்ந்தாள். கோல்மன் போகிறார் என்று சொன்னேன். வாய்க்குப் போன கோப்பை அப்படியே நின்றுவிட்டது.

"போகட்டும்," என்றாள். "பொண்ணுகிட்டதானே போறாரு. நல்லதுதான்."

சொன்னது நல்லதுதான் என்று. ஆனால் முகத்தில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. நான் அவளைப் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்க்கிறேன், என்னிடமா இந்தப் பசப்பு?

"அடியே, அவரு இன்னொண்ணும் சொன்னாரு. நீ மோதிரத்தைத் திருப்பாம வச்சிருக்கியாம். அதுக்கு மரியாதை கொடுத்துத் தள்ளி நிக்கறாராம்."

அவள் என்னைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் அந்தச் சிரிப்பு என்னமோ ஆகி, மேஜையில் தலையை வைத்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"திருப்பாம வச்சிருக்கேனா? திருப்ப முடியலடி, பெர்னி! வரவே மாட்டேங்குதுடி!"

கையை என் முன்னால் நீட்டினாள். அவ்வளவு நாளும் நானும் மோதிரத்தைத்தான் பார்த்திருந்தேனே தவிர விரலைப் பார்த்ததில்லை. மூட்டு உருளைக்கிழங்கு மாதிரி வீங்கிக் கிடந்தது. மோதிரம் அதற்குக் கீழே மாட்டிக்கொண்டு சும்மா சுற்றியது, மேலே ஏறவில்லை. கழற்றினால்தானே முனையை மாற்றிப் போட முடியும்? கழற்றினால்தானே அடுத்த கைக்குக் கொண்டுபோக முடியும்?

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஃபெஸ்டி போயி ரெண்டாவது வருஷத்துலேருந்து. மொதல்ல எனக்குக் கழட்டணும்னே தோணல. அப்புறம் அவரு ஜன்னலைத் திறந்து பேச ஆரம்பிச்சாரா… ஒரு நாள் வீட்டுல சோப்பைப் போட்டு இழுத்துப் பாத்தேன். வரல. ஐஸ் வச்சுப் பாத்தேன். அந்தோணியாருக்குக்கூட வேண்டிக்கிட்டேன்."

"அந்தோணியாரு தொலைஞ்சதைக் கண்டுபிடிக்கறவருடி. மாட்டிக்கிட்டதை எடுக்கறவரு இல்ல."

"எனக்கு வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருடமாக ஊரில் நான் தலைநிமிர்ந்து நடந்ததெல்லாம் ஒரு வீங்கிய மூட்டின் தயவா? என் அண்ணன்மேல் உள்ள பாசம் என்று நான் பெருமையடித்துக்கொண்டதெல்லாம் சிப்பிக் கொட்டகைப் பச்சைத் தண்ணீரின் வேலையா? கோபம்கூட வந்தது. ஆனால் அவள் அழுகிற அழுகையைப் பார்த்துக்கொண்டு யாரால் கோபமாக இருக்க முடியும்?

"சரி, மோதிரம்தான் வரல. வாய் இருக்குல்ல? வாயைத் திறந்து சொல்றதுதானே?"

"எப்படிச் சொல்ல? கைல இப்படி ஒண்ணைப் போட்டுக்கிட்டு, வாயால வேற ஒண்ணு சொன்னா என்னை என்னன்னு நெனப்பாரு? புருஷன் மோதிரத்தைப் போட்டுக்கிட்டே இன்னொருத்தனைப் பாத்து இளிக்கறான்னு நெனக்க மாட்டாரு?"

அவள் சொன்னது எங்கள் ஊருக்கு நியாயம்தான். கை ஒன்று சொல்லி வாய் ஒன்று சொன்னால் இங்கே யாரும் வாயை நம்ப மாட்டார்கள்.

கடைக் கதவைச் சாத்தினேன். வெண்ணெய்க் கட்டியைக் கொண்டுவந்தேன். நல்ல வெண்ணெய், ஸ்கோன் ரொட்டிக்கு வைத்திருந்தது. விரல் முழுக்கத் தடவி இழுத்தேன். அவள், "இயேசு மரி சூசையே!" என்று கத்தினாள். நூலை விரலில் இறுக்கச் சுற்றி, மோதிரத்துக்கு அடியில் விட்டு இழுக்கும் வைத்தியத்தையும் செய்து பார்த்தேன். நூல் அறுந்தது. மூட்டு சிவந்துபோனது. மோதிரம் இருந்த இடத்திலேயே இருந்தது. வாசலில் தேநீருக்கு நின்ற இரண்டு பேர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்ன வேடிக்கை? போங்க!" என்று விரட்டினேன்.

"வெட்டித்தான் எடுக்கணும்," என்றேன்.

டிம்ப்னா கையை மார்போடு சேர்த்து மறைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மத்தியானம் அவளைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே நகை செய்கிற மேவ் என்ற பெண், நிதானமான பிள்ளை, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"முதுகுப் பக்கம்தான் வெட்டுவேன். இதயத்துக்கும் கைகளுக்கும் ஒண்ணும் ஆகாது. அப்புறம் கொஞ்சம் தங்கம் சேத்துப் பெருசாக்கிப் பத்தவச்சுத் தரேன். மூட்டைத் தாண்டி வர்ற மாதிரி."

"வலிக்குமா?"

"உங்களுக்கு வலிக்காது."

சின்னத் தகடு ஒன்றை மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, குட்டி ரம்பச் சக்கரம் வைத்த கருவியை மேவ் எடுத்தாள். அது தங்கத்தைத் தொட்டுக் கிர்ரென்றது. அவ்வளவுதான், டிம்ப்னா கையை உருவிக்கொண்டு கதவைத் திறந்து ஓடிவிட்டாள். மேவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நான் பின்னால் ஓடினேன். எனக்கு இருக்கிற உடம்புக்கு நான் ஓடுவதைப் பார்த்துக் கடைத்தெருவே ஒதுங்கி வழி விட்டது.

படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தாள். அன்னங்கள் ரொட்டி கிடைக்கும் என்று அவள் காலடிக்கு நீந்தி வந்து கழுத்தை நீட்டின.

"இது அவன் போட்டதுடி," என்றாள். "அவன் கையால போட்டது. அதைப் போயி ரம்பத்தால…"

"அவன் போட்டப்ப உன் விரல் பென்சில் மாதிரி இருந்துச்சு."

"அவனை வெட்டற மாதிரி இருக்கு, பெர்னி."

அவன் எனக்கும் அண்ணன்தானே. ஆனால் நானும் சேர்ந்து அழுதால் வெள்ளிக்கிழமை காத்திருக்குமா?

"இங்க பாரு. ஃபெஸ்டி எப்படிப்பட்ட ஆளு? குழாய் ஒழுகினா சுத்தியல். கதவு இறுகினா சுத்தியல். உன் விரல் இப்படிச் செவந்து கெடக்கறதை அவன் பாத்திருந்தான்னா, கொட்டகைலேருந்து பிளையரை எடுத்துட்டு வந்து அவனே நறுக்கியிருப்பான். அவசரத்துல விரலையும் சேத்து நறுக்கியிருப்பான், பாவி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா. செஞ்சிருப்பான்."

"அவன் தங்கச்சி நான் சொல்றேன். நட."

திரும்பிப் போனோம். மேவ் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். இந்த முறை டிம்ப்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள், என் எலும்பு நொறுங்குகிற பிடி. ரம்பம் கொஞ்ச நேரம் முனகியது. அப்புறம் டிக்கென்று ஒரு சத்தம். மேவ் இரண்டு இடுக்கிகளால் மோதிரத்தை விரித்து எடுத்தாள். விரலைச் சுற்றி வெள்ளையாக, வழவழப்பாக ஒரு பள்ளம் இருந்தது. டிம்ப்னா அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த வாரம் வாங்க," என்றாள் மேவ்.

"வெள்ளிக்கிழமைக்கு ஆகாதா?"

"ஆகாதே. தங்கம் சேக்கணும், மெருகு போடணும்."

சரி, போகட்டும். வெறும் விரலே பேசிக்கொள்ளும் என்று நாங்கள் நினைத்தோம். அங்கேதான் நானும் அவளும் ஏமாந்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் அட்லாண்டிக் கடலே புரண்டு வந்த மாதிரி என்று கதை அளக்க எனக்குத் தெரியாது, எங்கள் ஊர் மழை, அவ்வளவுதான். சன்னமாக, விடாமல் பெய்தது. டிம்ப்னா கையுறை போடாமல் நின்றாள். அவள் இடது கையைத் தூக்குகிற விதத்தைப் பார்த்தால், பஸ் வருவதற்கு முன்பே பத்துத் தடவை பழகிப் பார்த்தவள் மாதிரி இருந்தது. பஸ் வந்தது. வலது கையில் பலகை, இடது கையை ஐந்து விரலும் தெரிகிற மாதிரி, புறங்கையை அவர் பக்கம் காட்டித் தூக்கினாள். போக்குவரத்தை அப்படி நிறுத்துகிறவர்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

பஸ் நின்றது. கோல்மன் ஜன்னலைத் திறந்தார். அவர் கண் அவள் விரலுக்குப் போனது. போன கண் அங்கேயே நின்றது. அடுத்த நொடி கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"அசையாதீங்க டிம்ப்னா! அங்கேயே நில்லுங்க! எப்ப விழுந்துச்சு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

"ஃபெஸ்டியோட மோதிரம்! விரல்ல இல்ல!" என்று பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார். "எல்லாரும் கொஞ்சம் எறங்குங்க! மோதிரம் விழுந்துடுச்சு! பாத்து எறங்குங்க, மிதிச்சிடாதீங்க!"

வேறு ஊராக இருந்தால் வேலைக்கு நேரமாகிறது என்று சண்டைக்கு வந்திருப்பார்கள். எங்கள் ஊர் ஆட்கள் ஒருவர் விடாமல் இறங்கினார்கள். கிளாடா மோதிரம் தொலைந்தால் அது எல்லோர் வீட்டுத் துக்கமும். டை கட்டியவர்கள் குனிந்து தேடினார்கள். ஒரு அம்மாள் குடையின் நுனியால் இலைகளைக் கிளறிக்கொண்டே அந்தோணியாரை வேண்ட ஆரம்பித்தாள். பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டுமா? பள்ளிக்கூட மணியை மறந்துவிட்டு நடைபாதை ஓரமெல்லாம் தவழ்ந்தார்கள்.

கோல்மன் நடுச்சாலையில், அவள் காலடியில், முட்டி போட்டுக்கொண்டு சாக்கடை மூடியின் கம்பிகளுக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். தொப்பி எங்கோ விழுந்துவிட்டது. மழை வழுக்கையில் வழிந்தது.

"கவலைப்படாதீங்க," என்றார், நிமிராமலேயே. "நான் எடுத்துக் குடுக்காம போக மாட்டேன். எனக்குத் தெரியும், உங்களுக்கு அது எவ்வளவு…"

நான் கடை வாசலில் நின்றேன். கத்திச் சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினேன். இதை அவள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மனுஷன் இல்லாத மோதிரத்தைத் தேடிவிட்டு, கிடைக்கவில்லையே என்ற துக்கத்தோடு விமானம் ஏறிவிடுவார்.

டிம்ப்னா குனிந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த நடன மண்டபம் ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும், வராமல் இருக்குமா?

"விழல," என்றாள்.

யார் காதிலும் விழவில்லை.

"விழலன்னு சொல்றேன்ல!" கம்பைத் தரையில் ஓங்கி ஊன்றினாள். "நான்தான் வெட்டி எடுத்தேன்!"

குடைக்கார அம்மாள் அந்தோணியாரைப் பாதியிலேயே விட்டாள். எல்லோரும் குனிந்தபடியே நின்றார்கள்.

"வெட்டியா?" என்றார் கோல்மன். "ஏன்?"

"விரல் வீங்கிப்போச்சு. எத்தனையோ வருஷமா கழட்ட முடியல. அதனாலதான் அது அப்படியே கெடந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

அவருக்கு அது உள்ளே இறங்க நேரமானது. "அப்ப… இவ்வளவு நாளும்…"

"இவ்வளவு நாளும் நீங்க ஒரு மடையன், நான் ஒரு மடச்சி." வெறும் விரலை அவர் முன்னால் நீட்டினாள். "மோதிரம் எந்தப் பக்கம் பாத்தா என்ன? நான் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நின்னேன்னு தினமும் காலையில உங்களுக்குத் தெரியலையா?"

பின்னால் மீன் லாரிக்காரன் நீளமாக ஹாரன் அடித்தான். டிம்ப்னா திரும்பிக்கூடப் பார்க்காமல் பலகையை அவன் பக்கம் நீட்டினாள். ஹாரன் நின்றது.

"பெர்த்துக்கு டிக்கெட் எடுத்தாச்சு, டிம்ப்னா," என்றார் கோல்மன் மெதுவாக.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"போங்க. போயி பொண்ணைப் பாருங்க. பேரப் பிள்ளைங்களைப் பாருங்க. போயிட்டு வரேன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. எனக்கு அது போதும்."

"போயிட்டு வரேன்," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அப்புறம்தான் சுற்றிலும் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாள், காது வரை சிவந்துபோனாள்.

"மொதல்ல எந்திரிங்க. நடுரோட்ல மண்டி போட்டிருக்கீங்க. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

"நெனச்சுக்கட்டும்," என்றார் கோல்மன், எழுந்திருக்காமலேயே.

அன்றைக்கு என் கடையில் யாரிடமும் தேநீருக்குக் காசு வாங்கவில்லை. பஸ் எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அவர் போனார். சொன்னபடியே வந்தார். தோல் கறுத்து, தோட்டத்து அறை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அங்கே மழையே இல்லை என்று குறைபட்டுக்கொண்டு வந்தார். வந்த மறுநாள் டிம்ப்னா, கோல்மன், நான் மூன்று பேருமாக மேவின் கடைக்குப் போனோம். மோதிரம் அதுவரை அங்கேயே இருந்தது. அவர் வரட்டும் என்று டிம்ப்னா வாங்காமலேயே விட்டிருந்தாள். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்று கோல்மன் சொன்னார். "எனக்கு இதுதான் வேணும். இதுல ஃபெஸ்டியும் இருக்கான், அது உங்களுக்குச் சம்மதம்னா போடுங்க, இல்லன்னா விடுங்க" என்றாள். "அவன் இல்லாம நீங்க ஏது?" என்றார் அவர். எனக்கு அந்த மனுஷனை அப்போதுதான் உண்மையாகப் பிடித்துப்போனது.

வலது கையை நீட்டினாள். முனை மணிக்கட்டைப் பார்க்கிற மாதிரி அவர் போட்டார். கீழே போடவில்லை. வெட்டிய இடத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துத் தேடினேன், மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டேன்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க டிம்ப்னா மோதிரத்தை மூட்டு தாண்டி உருவுவதும் மறுபடி போடுவதுமாக இருந்தாள்.

"ஏண்டி, அதைக் கழட்டிக் கழட்டி விளையாடறே? நெசமாவே தொலைச்சிட்டு மறுபடியும் ஊரையே தேட விடப் போறியா?" என்றேன்.

"கழட்ட மாட்டேன், பெர்னி," என்றாள். "ஆனா கழட்ட வருது, பாரு. இப்பதான் நானாப் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு."